பாட்டியின் மறதியும் கணிப்பொறிப் பயிற்சியும்

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுவதும் அதையே தேடும் பாட்டியைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம். பாட்டியும் நம்மோடு சேர்ந்து சிரித்திருக்கிறார். அது மறதிதான், ஆனால் நோய் அன்று. முதல் நாள் இரவு முழுவதும் படித்த பாடம் தேர்வு அறையில் நமக்கே வர மறுப்பதில்லையா?

ஆனால் இன்னொரு வகை மறதி உண்டு. காலையில் சொன்ன செய்தியை அரைமணி நேரம் கழித்துப் புதிதாகச் சொல்வதுபோல் பாட்டி மறுபடியும் சொல்கிறார். நேற்று வந்துபோன உறவினர் வந்ததே அவர் நினைவில் இல்லை. மாத்திரையைச் சாப்பிட்டோமா இல்லையா என்று பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்கிறார். அதே பாட்டி குழம்புக்கு உப்பைச் சரியாகப் போடுகிறார். காய்கறிக்காரரிடம் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குகிறார். கோயிலுக்குத் தனியே போய்த் திரும்பி வருகிறார். வீட்டில் பாதிப் பேர் "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். மற்றவர்கள் பயத்தினால் வாய் திறப்பதில்லை. பாட்டிக்கோ எல்லாரையும் விட முன்பே சந்தேகம் வந்திருக்கும். அதை மறைப்பதற்காகவே பேச்சைக் குறைத்துக்கொண்டிருப்பார்.

முதுமையின் இயல்பான மறதிக்கும் முழுமையான மறதி நோய்க்கும் இடைப்பட்ட இந்த நிலையை மருத்துவர்கள் 'லேசான அறிதிறன் குறைபாடு' என்கிறார்கள். இத்தகைய முதியோருக்கு வீட்டிலிருந்தபடியே கணிப்பொறி வழியாக மனப்பயிற்சி அளிக்கும் முறை இப்போது பல நாடுகளில் வழங்கிவருகிறது. அது என்ன, எவ்விதம் நடக்கிறது, உண்மையிலேயே பயன் தருமா என்பதைப் பார்ப்போம். இதில் பெற்றோருக்கு உள்ள அக்கறை மாணவியருக்கும் உண்டு. ஏனென்றால் வீட்டில் கணிப்பொறியை இயக்கத் தெரிந்தவள் பெரும்பாலும் பேத்திதான்.

முதலில் அந்த நிலையைச் சற்றுத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரொனால்ட் பீட்டர்சன் என்னும் நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரைதான் இந்தப் பெயரை மருத்துவ உலகில் நிலைநிறுத்தியது. வயதுக்கு எதிர்பார்ப்பதைவிட நினைவாற்றல் குறைந்திருக்க வேண்டும். அது சோதனையிலும் தெரிய வேண்டும். ஆனால் அன்றாடக் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் ஆற்றல் கெடாமல் இருக்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்தால்தான் இந்தப் பெயர். அமெரிக்க நரம்பியல் கழகம் 2018இல் தொகுத்த கணக்கின்படி 60 முதல் 64 வயதுக்குட்பட்டோரில் சுமார் 7 சதவீதத்தினருக்கும், 80 முதல் 84 வயதுக்குட்பட்டோரில் சுமார் 25 சதவீதத்தினருக்கும் இந்நிலை காணப்படுகிறது. அதாவது எண்பதைக் கடந்த நால்வரில் ஒருவருக்கு. எனவே இது எங்கோ யாருக்கோ வரும் அபூர்வ வியாதி என்று எண்ணுவதற்கில்லை.

இந்த நிலையில் உள்ள எல்லாருக்கும் மறதி நோய் வந்தே தீரும் என்பதும் தவறு. நினைவாற்றல் குறைந்து மருத்துவமனைக்கு வருபவர்களில் ஆண்டுக்கு 10 முதல் 15 சதவீதத்தினர் நோய்நிலைக்குச் செல்வதாகப் பீட்டர்சன் குழுவினர் கண்டார்கள். அதே வயதில் நலமாக உள்ளவர்களில் இது 1 அல்லது 2 சதவீதமே. மற்றவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கிறார்கள். சிலர் பழைய நிலைக்கே திரும்பிவிடுவதும் உண்டு. வைட்டமின் பி12 குறைந்தாலும், தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாவிட்டாலும், மனச்சோர்வு இருந்தாலும், சில தூக்க மாத்திரைகளாலும் மறதி ஏற்படும். இவற்றைச் சரிசெய்ய முடியும். ஆகவே கணிப்பொறியைத் திறப்பதற்கு முன் மருத்துவரிடம் போக வேண்டும். இந்த வரிசையை மாற்றிவிடக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

மனத்துக்குப் பயிற்சி கொடுத்தால் மூளையின் தேய்வைத் தாங்கலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை தேடப் போனால் நாம் ஒரு கன்னியர் மடத்தின் வாயிலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மன்காட்டோ என்னும் ஊர். அங்கே நோட்டர் டாம் பள்ளிச் சகோதரிகள் சபையின் மடம் ஒன்று இருந்தது. டேவிட் ஸ்னோடன் என்னும் ஆராய்ச்சியாளர் 1986இல் அங்குச் சென்று முதிய அருட்சகோதரிகளிடம் ஓர் உதவி கேட்டார். நாளடைவில் அமெரிக்காவின் பல மடங்களைச் சேர்ந்த 678 சகோதரிகள் அந்த ஆராய்ச்சியில் சேர்ந்தார்கள். ஆண்டுதோறும் நினைவுச் சோதனைக்கு உட்படுவதற்கும், இறந்தபின் தங்கள் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதற்கும் அவர்கள் சம்மதித்தார்கள். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தே வாழ்நாளைக் கழித்தவர்கள், இறந்தபின்னும் ஒரு பாடம் சொல்லிவைக்க இசைந்தார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

விஞ்ஞானிகளுக்கு இவர்கள் கிடைத்தது பெரும் பேறு. ஒரே வகை உணவு, ஒரே வகை இருப்பிடம், புகையிலை இல்லை, ஏறக்குறைய ஒரே மாதிரியான நாளொழுங்கு. ஆகவே ஒருவருக்கு நோய் வந்து மற்றவருக்கு வராமல் போனால் காரணம் தேடுவது எளிது. அவர்களுள் சகோதரி மேரி என்பவர் 101 வயது வரை வாழ்ந்தார். கடைசி வரை நினைவுச் சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெற்றுவந்தார். அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்தவர்கள் திகைத்தார்கள். அல்சைமர் நோயின் அடையாளங்களாகிய புரதப் படிவுகளும் முடிச்சுகளும் அதில் ஏராளமாக இருந்தன! நோயின் அடையாளம் மூளையில் இருந்தும் நோய் வாழ்க்கையில் தலைகாட்டவில்லை.

இன்னொரு செய்தி மாணவியரின் காதில் விழ வேண்டியது. அச்சகோதரிகள் சபையில் சேர்ந்த காலத்தில், சராசரியாக 22 வயதில், தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். மடத்தின் அலமாரியில் பத்திரமாக இருந்த அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்தபோது, கருத்துச் செறிவுடன் எழுதியிருந்தவர்களுக்கு முதுமையில் நினைவு பெரும்பாலும் நிலைத்திருந்ததும், வறண்ட எளிய வாக்கியங்களாக எழுதியவர்களுக்கு மறதி நோய் அதிகம் வந்திருந்ததும் தெரியவந்தன. இது 1996இல் வெளியாயிற்று. கட்டுரை நன்றாக எழுதினால் மறதி வராது என்று இதற்கு அர்த்தமில்லை. தமிழாசிரியைகள் அப்படிச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்! இளமையிலேயே மூளை வளமாக அமைந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்து வாய்த்திருக்கலாம். ஆனாலும் ஓர் எண்ணம் வேரூன்றியது. கல்வியாலும் உழைப்பாலும் மூளை ஒருவகைச் சேமிப்பை உண்டாக்கிக்கொள்கிறது. தேய்வு வரும்போது அந்தச் சேமிப்பிலிருந்து செலவு செய்கிறது என்பதே அது.

அப்படியானால் எழுபது வயதுக்கு மேலும் அந்தச் சேமிப்பைக் கூட்ட முடியுமா? அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய பெரிய ஆராய்ச்சி ஒன்று இதைச் சோதித்தது. 65 வயதைக் கடந்த, நலமாக உள்ள 2,832 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நினைவுப் பயிற்சி, ஒன்றுக்குத் தர்க்கப் பயிற்சி, ஒன்றுக்குக் கணிப்பொறியில் வேகப் பயிற்சி, கடைசிப் பிரிவுக்கு எதுவும் இல்லை. ஏறக்குறைய ஆறு வாரத்தில் பத்து வகுப்புகள் மட்டுமே.

அந்த வேகப் பயிற்சி எப்படியிருக்கும் என்று சொன்னால், இத்தகைய பயிற்சிகளின் பொதுவான அமைப்பு விளங்கிவிடும். திரையின் நடுவில் ஒரு வாகனத்தின் படம் கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறையும். அதே கணத்தில் திரையின் ஓரத்தில் எங்கோ இன்னொரு படமும் தோன்றி மறையும். நடுவில் வந்தது காரா, லாரியா? ஓரத்தில் வந்தது எந்தப் பக்கம்? இரண்டுக்கும் விடை சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்லப் படங்கள் தோன்றும் நேரம் குறையும். சுற்றிலும் வேறு படங்கள் வந்து கண்ணைக் குழப்பும். தவறினால் கணிப்பொறி தானே வேகத்தைத் தணித்துக்கொள்ளும். நல்ல ஆசிரியை மாணவியின் தரமறிந்து கணக்குக் கொடுப்பதுபோல, சலிப்பும் தட்டாமல் மலைப்பும் தோன்றாமல் எல்லையிலேயே நிறுத்தி வைப்பதுதான் கணிப்பொறியின் சாமர்த்தியம். அச்சிட்ட புத்தகத்தால் இது இயலாது.

பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது தர்க்கப் பயிற்சியும் வேகப் பயிற்சியும் தந்த பலன் ஓரளவு எஞ்சியிருந்தது. நினைவுப் பயிற்சியின் பலன் கரைந்து போயிருந்தது. வேகப் பயிற்சி பெற்றவர்களுக்கு அந்தப் பத்தாண்டுகளில் மறதி நோய் ஏற்படும் வாய்ப்பு 29 சதவீதம் குறைந்திருந்ததாக 2017இல் ஒரு கணக்கு வெளியானது. உலகெங்கும் செய்தித்தாள்கள் இதைப் பெரிதாக வெளியிட்டன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் தொடக்கத்தில் நலமாக இருந்தவர்கள். நாம் பேச வந்த பாட்டியோ ஏற்கெனவே தடுமாறத் தொடங்கியவர்.

அவருக்காகவே நடந்த சோதனைகளைப் பார்ப்பதற்கு முன், பயிற்சி ஏன் வீட்டுக்கு வந்தது என்பதை ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். வாரம் நான்கு முறை மருத்துவமனைக்குப் போய்வர எந்த முதியவரால் முடியும்? கூட்டிப் போகும் மகளுக்கு யார் விடுப்பு தருவார்கள்? வீட்டுக் கணிப்பொறி இணையத்தோடு இணைந்திருந்தால் பயிற்சி பாட்டியைத் தேடி வந்துவிடும். அவர் எந்த நாளில் எவ்வளவு நேரம் அமர்ந்தார், எங்கே தடுமாறினார் என்பதெல்லாம் தொலைவிலிருக்கும் பயிற்சியாளரின் திரையில் பதிவாகும். அமரவில்லை என்றாலும் தெரிந்துவிடும். தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். நம் வீட்டுப்பாட ஏட்டை ஆசிரியை பார்ப்பதுபோலத்தான்.

இந்த முறையில் நடந்த ஆராய்ச்சிகளுள் நமக்கு மிகவும் பிடித்தமானது 2022இல் முடிவு வெளியான ஒன்று. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தேவானந்த் என்பவரும், டியூக் பல்கலைக்கழகத்தில் முரளி துரைசாமி என்பவரும் முன்னின்று நடத்தியது. லேசான அறிதிறன் குறைபாடு உள்ள 107 பேர்; சராசரி வயது 71. அவர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் மூளைப் பயிற்சிக்கென்றே நிபுணர்கள் வடிவமைத்த விளையாட்டுகளைக் கணிப்பொறியில் ஆடினார்கள். மற்றப் பிரிவினர் அதே கணிப்பொறியில் குறுக்கெழுத்துப் புதிர் போட்டார்கள். எல்லாம் அவரவர் வீட்டில்தான். முதல் 12 வாரம் வாரத்துக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம்; அதன்பின் பயிற்சி மறந்துவிடாமலிருக்க இடையிடையே சில அமர்வுகள். மொத்தம் 78 வாரம், அதாவது ஒன்றரை ஆண்டு.

இதில் குறுக்கெழுத்துப் பிரிவு எதற்கு என்றால், ஒப்பிடுவதற்குத்தான். விளையாட்டுப் பிரிவு வெல்லும், எவ்வளவு வித்தியாசத்தில் வெல்லும் என்று காணலாம் என்பதே ஆராய்ச்சியாளர்களின் எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு! குறுக்கெழுத்துப் போட்டவர்களின் மதிப்பெண் சிறிது உயர்ந்திருந்தது. விளையாட்டு ஆடியவர்களுடையது சிறிது இறங்கியிருந்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனிலும் குறுக்கெழுத்துப் பிரிவே மேலாக இருந்தது. மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது அதன் சுருக்கமும் அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. குறைபாடு சற்று முற்றியவர்களிடம் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

நாளேட்டின் மூலையில் அச்சாகும் பழைய புதிர், நிபுணர்களின் விளையாட்டைத் தோற்கடித்துவிட்டது என்று கேட்கும்போது நமக்கு ஓர் உற்சாகம் வருகிறது. வகுப்பில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டபோது, "எங்கள் தாத்தா எப்போதோ சொல்லிவிட்டார்" என்று ஒரே நேரத்தில் மூன்று குரல்கள் எழுந்தன. ஆனால் உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். வித்தியாசம் 70 புள்ளி கொண்ட அளவுகோலில் 2 புள்ளிக்கும் குறைவு. கலந்துகொண்டவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். எந்தப் பயிற்சியும் செய்யாத மூன்றாவது பிரிவு ஒன்று இல்லை. ஆகவே குறுக்கெழுத்து உதவியதா, விளையாட்டு உதவாமல் போயிற்றா என்று அறுதியிட முடியாது. எல்லாரும் கணிப்பொறியோடு பழகியவர்கள் என்பதும் உண்டு.

ஆயினும் குறுக்கெழுத்து ஏன் முந்தியது என்று யோசித்துப் பார்ப்பதில் தவறில்லை. திரையில் மின்னி மறையும் படங்களைத் துரத்துவது எழுபது வயதில் புதிதாகக் கற்க வேண்டிய வித்தை. நினைவு தளர்ந்தவருக்குப் புதிய விதிகளை நினைவில் வைப்பதே ஒரு சுமை. சொல்லோ அப்படியல்ல. எத்தனையோ ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த சொற்கள் உள்ளே கிடக்கின்றன. 'ஐந்து எழுத்து, மூன்றாவது எழுத்து ம' என்றவுடன் மனம் பழைய அறைகளையெல்லாம் திறந்து தேடுகிறது. தெரிந்ததைத் தேடி எடுக்கும் உழைப்பு, தெரியாததைப் புதிதாக ஏற்றும் உழைப்பைவிட அந்நிலையில் ஏற்றதாக இருக்கக்கூடும். இது நம் ஊகம்தான். இன்னொரு காரணமும் தோன்றுகிறது. குறுக்கெழுத்தில் வயதானவர் சிறியவளை வெல்ல முடியும். வேக விளையாட்டில் அது நடக்காது.

இனி, கசப்பான பகுதிக்கு வருவோம். 'மூளைப் பயிற்சி' என்ற பெயரில் வியாபாரம் பெருகிவிட்டது. பல விளம்பரங்கள் மறதியை விரட்டுவதாகவே பேசின. 2014இல் மூளையியலும் முதுமையும் பயின்ற விஞ்ஞானிகள் எழுபது பேரளவில் கூடி, இத்தகைய விளம்பரங்களுக்குப் போதிய சான்று இல்லை என்று அறிக்கை விட்டார்கள். அடுத்த சில மாதங்களில் நூற்றுக்கு மேற்பட்ட வேறு விஞ்ஞானிகள், சான்று அறவே இல்லை என்பதும் சரியல்ல என்று பதில் அறிக்கை விட்டார்கள். 2016 ஜனவரியில் லூமோசிட்டி என்னும் புகழ்பெற்ற விளையாட்டுத் தளத்தை நடத்தும் நிறுவனம், ஆதாரமின்றி மக்களை நம்பவைத்தது என்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியதன் பேரில் 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

நடுநிலையாளர்கள் என்ன சொல்கிறார்கள்? மருத்துவச் சான்றுகளைச் சல்லடை போட்டுப் பார்க்கும் காக்ரேன் குழுவினர் 2019இல், லேசான குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தது 12 வாரம் கணிப்பொறிப் பயிற்சி தந்த ஆராய்ச்சிகளைத் திரட்டினார்கள். எட்டு ஆராய்ச்சிகள், 660 பேர், அவ்வளவுதான் கிடைத்தது. மறதி நோயை இது தடுக்குமா என்று தீர்மானிக்க அச்சான்று போதாது என்று அவர்கள் முடித்தார்கள். 2017இல் வெளிவந்த மற்றொரு தொகுப்போ, இத்தகையோரின் நினைவு, கவனம் முதலியவற்றில் சிறிதளவு முதல் நடுத்தர அளவு வரை முன்னேற்றம் காண்கிறது என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்குக் கிடைப்பது இதுதான்: சோதனைத் தாளில் கொஞ்சம் தேர்ச்சி வரும், நோயைத் தடுத்துவிட்டதாக யாரும் உறுதி கூற முடியாது.

இங்கே நம்மை மிகவும் சிந்திக்க வைத்த செய்தி வேறு. 2014இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 52 ஆராய்ச்சிகளைத் திரட்டி, நலமாக உள்ள முதியோர் ஏறத்தாழ 4,900 பேரின் முடிவுகளை ஒப்பிட்டார்கள். பயிற்சியாளர் உடனிருக்கக் குழுவாக அமர்ந்து செய்தவர்களுக்குப் பலன் இருந்தது. வீட்டில் தனியாக, கவனிப்பாரின்றிச் செய்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை! அதே விளையாட்டு, அதே திரைதான். வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் செய்தும் கூடுதல் பயன் இல்லை என்றும் கண்டார்கள். பாட்டியை நாள் முழுவதும் திரையின் முன் உட்கார வைக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு ஒரு காரணம் பின்லாந்திலிருந்து கிடைக்கிறது. மியா கிவிபெல்டோ என்னும் பேராசிரியை தலைமையில், மறதி வரும் வாய்ப்பு அதிகமுள்ள 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரிடம் அங்கு ஓர் ஆராய்ச்சி நடந்தது. முடிவுகள் 2015இல் வெளியாயின. அதில் பாதிப் பேருக்கு நல்ல உணவு, உடற்பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு, கணிப்பொறியில் மனப்பயிற்சி ஆகிய நான்கையும் சேர்த்து இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். வெறும் ஆலோசனை பெற்றவர்களைவிட இவர்களுடைய அறிதிறன் மேம்பட்டது. ஆனால் மனப்பயிற்சிப் பகுதியை மட்டும் தனியே கணக்கெடுத்தபோது, 144 அமர்வுகளில் ஒன்றிலாவது அமர்ந்தவர்கள் 63 சதவீதத்தினர். பாதியாவது முடித்தவர்கள் 20 சதவீதத்தினர். முழுவதும் முடித்தவர்கள் 12 சதவீதத்தினர்தாம். யார் விடாமல் செய்தார்கள்? முன்பே கணிப்பொறி பழகியவர்கள். இதனால் பயனுண்டு என்று நம்பியவர்கள். வீட்டில் துணையோடு வாழ்ந்தவர்கள். கணிப்பொறி தொலைவைக் குறைத்துவிட்டது உண்மை. பக்கத்தில் உட்காரும் வேலையை அது ஏற்றுக்கொள்ளவில்லை.

மருந்து இல்லையா என்று பெற்றோர் கேட்கலாம். அல்சைமர் காரணமாக வரும் லேசான குறைபாட்டுக்கு 2023லும் 2024லும் அமெரிக்காவில் இரண்டு மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. நரம்பு வழியாக ஏற்றப்படுபவை. சரிவின் வேகத்தை ஓரளவு தணிப்பவை. மூளையில் வீக்கமோ இரத்தக் கசிவோ ஏற்படலாம் என்பதால் அடிக்கடி படம் எடுத்துப் பார்க்க வேண்டியவை. விலையும் மிக அதிகம். அதைப் பற்றி மருத்துவரோடுதான் பேச வேண்டும். வாரம் இரு முறையாவது உடற்பயிற்சி செய்யும்படி மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

இனி, பாட்டியின் பக்கத்தில் உட்காரப் போகிறவளுக்குச் சில வார்த்தைகள். திரையைத் திறப்பதற்கு முன் கண்ணாடியின் பவர் சரியாக இருக்கிறதா, காது நன்றாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். காது கேளாமையே மறதி நோய்க்கு வழிவகுக்கும் காரணங்களுள் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு கூறுகிறது. கேள்வி காதில் விழாமல் பதில் தவறினால் அதை மறதிக் கணக்கில் எழுதிவிடுவோம். எழுத்தைப் பெரிதாக்கிவிட வேண்டும். சுட்டெலியை நகர்த்துவது கை நடுங்குபவருக்குத் துன்பம். தொட்டால் இயங்கும் பலகைக் கணிப்பொறி அவருக்கு எளிது. காலையில் களைப்பில்லாத வேளையாகப் பார்த்து அரைமணி போதும். அவர் தேடிக்கொண்டிருக்கும்போது விடையை நாம் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. இது சொல்வதற்கு எளிது. பொறுத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தால்தான் அருமை தெரியும். அந்தத் தேடல்தான் பயிற்சி; விடை வெறும் சாட்சி.

மதிப்பெண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் கணிப்பொறி ஒரு எண்ணைக் காட்டும். நமக்கு அது விளையாட்டு. தனக்கு என்ன நேர்கிறது என்று உள்ளூர அஞ்சிக்கொண்டிருப்பவருக்கு அது தீர்ப்பு. எண் இறங்கிய நாளில் முகம் வாடும். மறுநாள் தலைவலி என்று சாக்குச் சொல்வார். ஒரு நாள் இறக்கத்துக்குப் பொருளே இல்லை. தூக்கம் குறைந்தாலும், சளி பிடித்தாலும் எண் இறங்கும். திரையில் அந்தப் பகுதியை மறைக்க வழியிருந்தால் மறைத்துவிடலாம். ஆனால் பல வாரங்களாகத் தொடர்ந்து இறங்கினால், அல்லது திரைக்கு வெளியே பணக்கணக்கு தவறுதல், பழகிய தெருவில் வழி தடுமாறுதல், அடுப்பை அணைக்க மறத்தல் போன்றவை தோன்றினால், பயிற்சியைக் கூட்ட வேண்டும் என்று எண்ணாமல் மருத்துவரிடம் தேதி குறித்துச் சொல்ல வேண்டும். பேத்தி ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால் அது அவருக்கு மிகவும் உதவும்.

ஒரு நாள் பாட்டி "இன்று வேண்டாம்" என்பார். வற்புறுத்த வேண்டியதில்லை. கணிப்பொறி இல்லாத வீடும் கவலைப்பட வேண்டியதில்லை. அந்த அமெரிக்க ஆராய்ச்சியில் முந்தியது காகிதத்திலும் கிடைக்கும் புதிர்தானே! அவர்கள் ஆங்கிலப் புதிர் போட்டார்கள். பாட்டிக்கோ தமிழ்ச் சொற்கள்தான் கைவசம். தமிழ் வார இதழ்களின் குறுக்கெழுத்தில் கட்டங்கள் சிறிதாக இருக்கும். சதுரக் கோடு போட்ட கணக்கு நோட்டில் நான்கு சதுரத்தை ஒரு கட்டமாக எடுத்துப் பெரிதாக வரைந்து கொடுங்கள். பேனா வேண்டாம், பென்சில் கொடுங்கள். அழிப்பானைப் பக்கத்திலேயே வையுங்கள்.